செடி வளர்க்க ஒரு படிப்பா?

மகள் ஊருக்குக் கிளம்புகிற அன்று, வாசலில் கார் வந்து நின்றபிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவளாகக் கைப்பையைத் துழாவி ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். என் சர்க்கரை மாத்திரைதான் தவறி அவள் பைக்குள் போய்விட்டதோ என்று திறந்து பார்த்தேன். மாத்திரை இல்லை. வெளிறிய நிறத்தில், நாலு பட்டையாக, ஒரு முனையில் மட்டும் பழுப்பு வளையம் வைத்த விதைகள். முப்பது இருக்கும்.

"கோன்ஃப்ளவர்ப்பா. எங்க வீட்டு வாசல்ல பூத்த பூவுல எடுத்தது. போட்டுப் பாருங்க. வந்தாச் சொல்லுங்க" என்றாள்.

அதென்ன 'வந்தால்'? எழுமலைப் பக்கத்தில் விவசாயம் பண்ணுகிற சம்சாரி வீட்டில் பிறந்தவனிடம் விதையைக் கொடுத்து 'வந்தாச் சொல்லுங்க' என்கிறாள். கார் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு, உள்ளுக்குள் எரிச்சலோடு நின்றேன்.

அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு நான் அடித்த கூத்தெல்லாம் புரியும். பதினேழு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ முடித்தபோது, அவள் வேளாண் கல்லூரியில் சேர வேண்டும் என்றாள். மார்க் இருந்தது, சீட்டும் கிடைத்தது, கடிதமும் வீடு தேடி வந்தது. நான்தான் விடவில்லை. "பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து மண்ணைக் கிண்டுனது போதாதா? அதுல இருந்து தப்பிக்கத்தான் நான் பரிச்சை எழுதி ஆபீஸ் வேலைக்கு வந்தேன். செடி வளர்க்க ஒரு படிப்பா? விதையப் போட்டா தன்னால முளைக்கப் போகுது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். இப்போது ஒரு குளிர்நாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்தப் பேச்சை அவள் அதற்குப்பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் விதை டப்பாவை வாங்கியதுமே எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. என்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று பட்டது. இரண்டு வருஷம் கழித்து ஆடி மாசம் திரும்ப வருவாள். அப்போது இந்த வாசலில் அந்தப் பூ பூத்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் சொன்னது சரிதான் என்று ஆகிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் தொல்லை பெயரிலேயே ஆரம்பித்தது. அந்தப் பூவுக்குத் தமிழில் பெயர் கிடையாது. நர்சரிக்காரரிடம் போய் "கோன்ஃப்ளவருக்கு என்ன மண் போடணும்?" என்று கேட்டால், "காலிஃப்ளவர் நாத்தா சார்? அது கார்த்திகைக்கு மேலதான் வரும்" என்றார். இல்லையப்பா, கோன், கோன் என்று கையால் கூம்பு மாதிரிக் காட்டினேன். "ஐஸ்கிரீமா?" என்று கேட்டார். வீட்டில் என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம், "இவரு கான்ஃப்ளவர் போடப் போறாராம்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் அந்தம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றது.

"மதினி, எண்ணெய் காயுது. கான்ஃப்ளவர் மாவு இருந்தா ரெண்டு கரண்டி குடுங்க. அண்ணே வீட்டுலயே போடுறாகளாம்ல?"

இந்தப் பக்கத்து வீட்டம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் நாகமலையைப் பார்த்தபடி விரிந்திருக்கிற எங்கள் காலனியில் எங்களுக்கு அடுத்த மதில் அவர்களுடையது. பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம். நல்ல மனுஷி. எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பது அந்தம்மாதான். ஒரே ஒரு பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். திரும்பி வரும்போது அது தெருவில் உள்ள அத்தனை வீட்டுச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அரளியுமாக நிறைந்திருக்கும். மதிலுக்கு வெளியே ஒரு கிளை நீண்டிருந்தால் போதும், அது சாமிக்கு என்று ஆகிவிடும். தெருவில் யாரும் கேட்க முடியாது. கேட்டால் சாமிக்குக் கொடுக்க மனசில்லாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

மண்ணுக்கு நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் கரிசலில் எதைப் போட்டாலும் வரும். டூவீலரில் எழுமலைக்குப் போய், இப்போது வேறொருவர் உழுகிற எங்கள் பழைய காட்டு ஓரத்தில் ஒரு மூட்டை கரிசல் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தேன். இடுப்பு மூன்று நாள் வலித்தது. ஆறு தொட்டிகளில் நிரப்பி, பாதி விதையை ஊன்றி, ஆவணி பூராவும் காலை மாலை தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. புரட்டாசியில் இரண்டு மழை பெய்ததும் மூன்று தொட்டிகளில் முளை விட்டது. பல்லுப் பல்லாக ஓரம் வைத்த, சொரசொரப்பான இலை. மகள் அனுப்பியிருந்த படத்திலும் இலை சொரசொரப்பாகத்தான் இருந்தது. நிழல்வலை வாங்கி, நாலு மூங்கில் நட்டு, பந்தல் போட்டேன். எறும்பு ஏறாமல் தொட்டிக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தேன். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

"வேற செடி மாதிரி இருக்கேப்பா?" என்று பதில் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. உடனே போன் போட்டேன். "மண்ணுல பொறந்தவன்டி நான். எனக்குத் தெரியாதா எது எதுன்னு?" என்றேன். அவள் "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசியில் அந்தச் செடி பூத்தது. சட்டைப் பொத்தான் அளவில், நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளையுமாக ஒரு பூ. சின்னதாக இருக்கிறதே, முதல் பூ அப்படித்தான் இருக்கும் போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தபோது மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டம்மாவின் தலை தெரிந்தது.

"என்னண்ணே, வெட்டுக்காயப் பூண்டுக்கா பந்தல் போட்டிருக்கீக?"

"எது?"

"இதுதேன். எங்க ஊரு வரப்பு பூராம் இதுதான கெடக்கு. சின்னப் பிள்ளைல கருதறுக்கும்போது கையில அரிவா பட்டுச்சுன்னா இதத்தான் கசக்கி வைப்போம். இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு உபசாரம்?"

குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, அதேதான். எங்கள் ஊரில் நான் ஆயிரம் தடவை மிதித்து நடந்த செடி. என் காலில் கூட ஒருமுறை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் இடுப்பொடியச் சுமந்து வந்த கரிசலோடு சேர்ந்து வந்திருக்கிறது. தொட்டியில், பந்தலுக்குக் கீழே, தண்ணீர்த் தட்டின் மேல் நின்றதும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. மண்ணில் பிறந்தவன் என்று வாய் கிழியப் பேசினேனே தவிர, பதினைந்து வயசுக்குமேல் நான் காட்டில் இறங்கியதே இல்லை. ஹாஸ்டல், பரிச்சை, ஆபீஸ், நாற்காலி. இதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். மகளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. "பூச்சி அரிச்சுருச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. "மிச்ச விதைய ஈர மணல்ல கலந்து ஒரு மாசம் ஃப்ரிட்ஜுல வைங்கப்பா. குளிர்காலம் வந்து போயிருச்சுன்னு விதைக்குத் தெரியணும். அப்பத்தான் நல்லா முளைக்கும்" என்றாள். மதுரையில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜுக்குள்தான் போக வேண்டும். தயிர் டப்பா ஒன்றைக் கழுவி, ஆற்று மணலை நனைத்து, விதையைக் கலந்து, இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள். "ஃப்ரிட்ஜுக்குள்ள மண்ணு வைக்கிற வீடு இந்த மதுரையிலயே நம்ம வீடு ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள். அந்த ஒரு மாசமும் வீட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மார்கழியில் எடுத்து ஊன்றினேன். பன்னிரண்டாம் நாள் முளைத்தது. ஒன்றல்ல, ஏழு! அன்று நான் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். ரிட்டையர் ஆன பிறகு எந்த ஒரு காலையிலும் நான் அப்படி எழுந்து வாசலுக்கு ஓடியதில்லை. ஏழு முளைக்கும் தனித்தனித் தொட்டி. 'கரிசல் வேண்டாம், தண்ணி நிக்காத மண்ணாப் போடுங்க' என்று மகள் சொல்லியிருந்தாள். விதை முளைத்துவிட்ட தெம்பில் அதை நான் காதில் வாங்கவில்லை. பாதிக் கரிசல் கலந்தேன். ஊர் மண்ணை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஏழில் ஆறு ஒவ்வொன்றாகப் போன கதை. ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவது என் மனைவியின் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுகளும் பிள்ளைகள்தானே என்று இரக்கப்பட்டு இந்த நாற்றுகளுக்கும் ஊற்றியிருக்கிறாள். அன்று சாயங்காலம் தெருப்பூனை வந்து, மீன் எங்கே என்று மூன்று தொட்டிகளை அடிவரை தோண்டிப் பார்த்துவிட்டுப் போனது. நான் கத்திய கத்தலில் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்து இரண்டு செடிகள் காரணமே தெரியாமல் துவண்டன. துவள்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன். இன்னும் துவண்டன. இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகிக் கூழாகியிருந்தது. கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது என்பது எங்கள் ஊரில் பருத்தி போட்ட எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை ஏன் அந்தச் செடிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆறாவது சித்திரை வெயிலில் போனது. நாகமலைப் பாறை மத்தியானம் வாங்கிய சூட்டையெல்லாம் சாயங்காலம் எங்கள் காலனிமேல்தான் இறக்கும். ஒருநாள் நிழல்வலை காற்றில் விலகிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன், இலை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அன்று வாசல்படியில் உட்கார்ந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. செடிக்காக அழுதேன் என்று சொல்ல மாட்டேன். 'விதையப் போட்டா தன்னால முளைக்கப் போகுது' என்ற என் குரல் எனக்கே கேட்டது.

ஏழாவதை மட்டும் மகள் சொன்னபடி செய்தேன். கரிசலை வேர் அறுந்துவிடாமல் உதிர்த்துவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு கை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை. மதிலோரத்தில், காலை வெயில் மட்டும் படுகிற இடம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். ஊற்றாமல் இருப்பதுதான் ஊற்றுவதைவிடக் கஷ்டம். வெயில் கொளுத்தும்போது ஒரு செடி நிற்கிறது, கையில் தண்ணீர் இருக்கிறது, ஊற்றக் கூடாது. இதை என் மனைவிக்குப் புரியவைக்க ஒரு மாசம் ஆயிற்று. தபால்காரர் கூட, "செடி வாடுது சார்" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டிலைத் திறந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன்.

செடி பிழைத்தது. ஆனால் பூக்கவில்லை. அந்த ஆடி போயிற்று, தீபாவளி போயிற்று, அடுத்த பொங்கலும் போயிற்று. வெறும் இலை. நடுவில் மாவுப்பூச்சி வேறு. "கான்ஃப்ளவர்ல மாவு வந்துருச்சு" என்று மனைவி சிரித்தாள். பழைய டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு இலையாக நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளிடம் கேட்டேன். நான் அவளிடம் ஒரு விஷயம் கேட்பது அது எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை. ஆனால் கேட்பது கொஞ்சம் சுலபமாகிவிட்டிருந்தது. "இங்க கோடையில பகல் பதினஞ்சு மணி நேரம்ப்பா. நீளப் பகலைப் பாத்துதான் அது மொட்டு வைக்கும். அங்க பகல் பத்தாது. சாயங்காலம் ஒரு லைட் போட்டுப் பாருங்களேன்" என்றாள். வைகாசியிலிருந்து மதிலோரத்தில் ஒரு ஒயரை இழுத்து, செடிக்கு மேலே எல்இடி பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். பொழுது சாய்ந்ததும் போட்டு, எட்டரை மணிக்கு நான் சாப்பிட்டு முடித்ததும் அணைப்பேன்.

"செடிக்கு டியூசன் வச்சிருக்கீகளாண்ணே?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டது. "பரிச்சை எப்ப?"

ஆடியில் பரிச்சை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மை. மகள் டிக்கெட் போட்டுவிட்டாள், ஆடி இரண்டாவது வெள்ளி கழிந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஆனி பாதியில் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும்பியது. அதன் உச்சியில் பச்சைப் பொத்தானாக ஒரு மொட்டு. நான் தொடவில்லை, படம் எடுக்கவில்லை, போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருமுறை படம் அனுப்பி மூக்குடைபட்டது போதும். இந்த முறை அவளே வந்து கண்ணால் பார்க்கட்டும் என்று இருந்தேன். மூன்று வாரம் அந்தப் பொத்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. முதலில் பச்சையாகவே இதழ் விட்டது, இதுதான் நிறமோ என்று பயந்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, வாடாமல்லி நிறத்துக்கு வந்தது. நடுவில் இருந்த உருண்டை ஆரஞ்சு முள்ளாக மேலெழும்பியது. வியாழக்கிழமை சாயங்காலம் இதழ்கள் முழுசாக விரிந்து, நுனி லேசாகத் தொங்கி, மகள் அனுப்பிய படத்தில் இருந்தது மாதிரியே நின்றது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசமே இல்லையே" என்றாள். ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

தண்டு வெளிச்சத்தைத் தேடி மதில்பக்கம் சாய்ந்திருந்தது. பூ மதிலுக்கு அந்தப் பக்கம் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பார்க்காமல் இல்லை, பார்த்தேன். பூத்த சந்தோஷத்தில் மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதும், அது ஆடி வெள்ளி என்பதும் என் மண்டையில் உறைக்கவில்லை.

காலையில் பால் வாங்கிக்கொண்டு வந்தேன். தண்டு மட்டும் நின்றது. நகத்தால் கிள்ளிய இடத்தில் ஈரம் கூடக் காயவில்லை.

பால் பாக்கெட்டோடு அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர்கள் கூடத்தில் சாம்பிராணிப் புகை. சாமி அலமாரியில் அம்மன் படம். இரண்டு பக்கமும் செவ்வரளி, அம்மன் தலைக்கு மேலே நட்டநடுவில் என் பூ.

"யாரைக் கேட்டுப் பறிச்சீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அந்தம்மா திடுக்கிட்டுத் திரும்பியது. "வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சுண்ணே. பட்டு மாதிரி கலரா இருக்கே, புதுசா இருக்கேன்னு ஆத்தாளுக்கு வச்சேன். எதுக்கு இப்பக் கத்துறீக?"

"ரெண்டு வருஷம்மா! ஃப்ரிட்ஜுல வச்சு, லைட் போட்டு, ரெண்டு வருஷமா வளத்த ஒத்தப் பூ! எம் மக நாளக் கழிச்சு வாரா!"

"ஒத்தப் பூவுக்கா இம்புட்டுச் சத்தம்? ஆத்தா தலையில வச்சிருக்கேன், சாக்கடையிலயா போட்டேன்? உங்க மக நல்லபடியா வந்து சேரணும்னுதான் இன்னைக்கு வேண்டுனேன்."

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பூ இருந்தது. "குடுங்க, கொண்டு போறேன்" என்றேன். "சாமிக்கு வச்ச பூவ எடுக்கக் கூடாதுண்ணே" என்றது அந்தம்மா. சாமி காரியம் எதிலும் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் கை நீளவில்லை. என்ன பழக்கமோ. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தேன். மறுநாள் காலை வாடிய அரளியோடு சேர்த்து அந்தப் பூவும் அவர்கள் வாசல் குப்பைக் கூடையில் கிடந்தது. உருண்டை மட்டும் வாடாமல் இருந்தது. விதை பிடித்திருக்குமோ என்று எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வெறும் சாவி, உள்ளே பருப்பே இல்லை. பிடிப்பதற்கு நாள் எங்கே கொடுத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேரே வாசலுக்குத்தான் வந்தாள். 'இன்னும் பூக்கவில்லை' என்று சொல்லிவிடலாம் என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தண்டைப் பார்த்தாள்.

"பூத்துச்சாப்பா?"

"ம். சாமிக்குப் போயிருச்சு."

மதிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தம்மாவை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "தண்ணி அளவா ஊத்தியிருக்கீங்க. மண்ணு பொலபொலன்னு இருக்கு. எப்பிடிப்பா?" என்று கேட்டாள்.

எப்பிடி என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நான் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. ஆரம்பித்துவிட்டேன். கரிசல் ஏன் ஆகாது, வேர் எப்படி அழுகும், செங்கல் உடைத்துப் போட்டால் தண்ணீர் எப்படி வடியும், விதைக்குக் குளிர் எதற்கு, பகல் நீளத்துக்கும் மொட்டுக்கும் என்ன சம்பந்தம், மாவுப்பூச்சி இலையின் அடியில்தான் முதலில் வரும், வாடுவதைப் பார்த்தால் வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும், தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வெட்டுக்காயப் பூண்டுக்குப் பந்தல் போட்டதைக் கூடச் சொல்லிவிட்டேன். "தெரியும்ப்பா, அன்னைக்கே தெரியும்" என்றாள். உள்ளேயிருந்து மனைவி மூன்று தடவை காபிக்குக் கூப்பிட்டுவிட்டாள். மகள் எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் கேட்டாள். நடுவில் ஒரு கேள்வி, ஒரு திருத்தம். நான் பேசி முடித்தபோது வெயில் தொட்டிக்கு வந்திருந்தது.

"இதத்தாம்ப்பா அந்தக் காலேஜ்ல நாலு வருஷம் சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் செடியைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். இத்தனை வருஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

"உன்னய அங்க சேத்துவிட்டுருக்கணும்மா. தப்புப் பண்ணிட்டேன்."

'பரவாயில்லப்பா' என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பூ போன தண்டை அடி இலைவரை நகத்தால் வெட்டி எடுத்தாள். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"விதை மிச்சம் இருக்காப்பா?"

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல."

"சரி, வாங்க. காபி ஆறுது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.